பங்க் வேலும் மாசாணியம்மாளின் இடது புருவமும்

மாசாணியம்மாளுக்கு இடது புருவம் கிடையாது. வலது பக்கம் நன்றாக அடர்த்தியாக இருக்கும். இடது பக்கத்தைத் தினமும் காலையில் பென்சிலால் வரைந்துகொண்டுதான் பங்க்குக்கு வருவார். அவசரத்தில் கண்ணாடி பார்க்காமல் வரைவதால் அன்றைக்கு மனசு எப்படியோ கோடும் அப்படி அமையும். வீட்டில் தண்ணி வரவில்லை என்றால் கோடு நெற்றிக்கு ஏறியிருக்கும். பஸ் கிடைக்கவில்லை என்றால் காதைப் பார்த்து ஓடும்.

"அக்கா, இன்னிக்கு உங்க புருவம் போத்தனூர்ப் பக்கம் போகுதுங்க" என்பேன்.

"நீ டாங்க்கப் பாத்துப் பெட்ரோல் போடு கண்ணு. என்ற மூஞ்சியப் பாத்துப் போடாத" என்பார்.

சிங்காநல்லூர் தாண்டித் திருச்சி ரோட்டில், மூடிப்போன ஒரு மில்லின் மதிலுக்கு எதிரே இருக்கிறது எங்கள் பங்க். நானும் மாசாணியக்காவும் டூவீலர் பம்ப்பில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறவர்கள். நான் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவன். அவர் எட்டாவதை முழுசாக முடித்தவர். அந்த வகையில் எனக்கு சீனியர்.

அவருக்குச் சொந்த ஊர் காரமடைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். மாசாணியக்கா கல்யாணம் ஆன கையோடு சிங்காநல்லூருக்கு வந்து, எதிரே இருக்கிற அதே மில்லில் நூல் ஓட்டினார். மில் மூடிய பிறகு ரோட்டை மட்டும் தாண்டி இந்தப் பக்கம் வேலைக்கு வந்துவிட்டார். "டிரான்ஸ்பர் வாங்கிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொள்வார். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள் இனியா நர்சிங் படிக்கிறாள். அவள் ஊசி போடக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அக்காவின் கையில் அங்கங்கே நீலமாக இருக்கும். "படிப்புச் செலவுல இதுவும் சேத்திதான்" என்பார்.

அந்தப் புருவம் போன கதைக்கு வருகிறேன். போன வருசம் தை மாசம். பாலக்காட்டுப் பக்கம் போகிற காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு உதட்டைப் பிளக்கிற காலம். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடிக்கும். எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு. செருப்பைத் தரை விரிப்பில் நாலு தடவை தேய்த்துவிட்டு யார் காதையாவது தொட்டால் போதும், ஆள் துள்ளுவார். அதை பங்க்குக்குள் மட்டும் செய்ததில்லை. அந்த அளவுக்குப் புத்தி உண்டு.

அன்றைக்குக் காலையில் காரமடையிலிருந்து பைக்கிலேயே வந்தார் தனபால். இடம் வாங்கி விற்றுக் கொடுக்கிற புரோக்கர். நைலான் ஜெர்கின், உள்ளே பளபளவென்று பாலியஸ்டர் சட்டை, தலையில் கம்பளிக் குல்லாய். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. இறங்கி நின்று டாங்க் மூடியைத் திறந்துவிட்டார். அக்கா பெட்ரோல் போட்டார். அந்த நேரத்தில் வெயில் ஏறியதால் தனபாலுக்குப் புழுங்கியிருக்கிறது. குல்லாயைப் பிடித்து இழுத்தார். படபடவென்று பொரி வறுக்கிற சத்தம். தலைமுடி அத்தனையும் எழுந்து நின்றது. அது போதாது என்று ஜெர்கினையும் உரித்தார். அதுவும் படபட. அக்கா நாசிலை வெளியே எடுத்ததும் தனபால் மூடியைப் போட ஒரு விரலை டாங்க் வாய்க்குக் கொண்டுபோனார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். டாங்க் வாயிலிருந்து நெருப்பு ஒரு முழம் எழுந்தது. அக்கா பின்னால் போகவில்லை. மணல் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து டாங்க் வாயில் அறைந்து அப்படியே அமுக்கிக்கொண்டார். நெருப்பு அணைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் நான் தீயணைக்கிற சிலிண்டரோடு போய்ச் சேர்ந்தேன். போனதற்கு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா, சிலிண்டர் தலையிலிருந்த பின்னைப் பிடுங்கி ஒரு பீய்ச்சு பீய்ச்சினேன். பைக், தனபால், அவர் குல்லாய் எல்லாம் வெள்ளை வெளேரென்று பவுடர் ஆகிவிட்டது.

"ஏனுங்க, நான் பீடி பத்த வெக்கல. போன் பேசல" என்றார் தனபால், பவுடருக்குள்ளிருந்து. "குல்லாயத்தானுங்க கழட்டுனேன்."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் புருவம் மட்டும் போனது. திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். முளைக்கவில்லை.

முதலாளி சுப்பண்ணன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பம்ப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, அதில் ஒரு தகட்டை மாட்டினார். கம்பத்தின் காலிலிருந்து செம்புப் பட்டை போய் மண்ணுக்குள் ஒரு குழியில் இறங்கும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டு தகட்டைத் தொட்டால் மண்ணுக்குள் போய்விடும். அப்புறம் டாங்க்கைத் தொட்டால் பொறி வராது. "குழி காயக்கூடாதுங்க, உப்பும் தண்ணியும் ஊத்திட்டே இருங்க" என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் சரி. தகட்டின் மேல் மாட்டிய போர்டில்தான் தப்பு நடந்தது. 'நிலைமின்சாரம் வெளியேற இங்கே தொடவும்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் மின்னல் படம் வரைந்துவிட்டார் பெயிண்டர். மின்னல் படம் போட்ட இடத்தைத் தொடக்கூடாது என்று நம் ஆட்களுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று.

"அண்ணா, தொட்டுட்டு மூடியத் தொறங்க" என்பார் அக்கா.

"ஷாக் அடிச்சா நீ வருவியா அம்மணி?"

"அடிக்காதுங்ணா."

"அப்ப மின்னல் எதுக்கு?"

ஒருத்தர் பேனா மூடியால் தொட்டார். இன்னொருத்தர் பின்னால் உட்கார்ந்திருந்த சம்சாரத்தைத் தொடச் சொன்னார். அக்கா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். இதே ஆட்கள் பெட்ரோல் போட்டுவிட்டுப் போகும்போது ரோட்டோரக் கோயில் வாசலில் வண்டியைக் கூட நிறுத்தாமல் ஒரு கையை நீட்டி, நட்டிருக்கிற முருகன் வேலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவதையும் பார்த்தார். யாரும் தொடச் சொல்லவில்லை. போர்டும் இல்லை.

அடுத்த நாளே நாலு கடை தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற சாமுவேலிடம் போய் நின்றார்.

"அண்ணா, ஒரு வேல் அடிச்சுக் குடுங்க."

"நான் சர்ச்சுக்குப் போறவனுங்க அம்மணி."

"வெல்டிங்குக்கு ஏதுங்க சர்ச்சு. உங்க பேர்லயே வேல் இருக்குதே, அப்பறம் என்ன?"

சாமுவேல் பட்டறையிலேயே ஒரு வேல் அடித்து முடித்துக் கொண்டுவந்து, தகட்டைக் கழற்றிவிட்டுக் கம்பத்தின் உச்சியில் நட்டு போல்ட் போட்டு முடுக்கினார். பளபளப்பாக இருக்கட்டும் என்று தங்கக் கலர் பெயிண்ட் டப்பாவை எடுத்தபோது அக்கா பிடுங்கி வைத்துக்கொண்டார். பெயிண்ட் அடித்தால் கரண்டு எங்கே இறங்கும்?

அன்றைக்கு மத்தியானமே வேல் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் தானாகவே தொட்டார்கள். கண்ணில் ஒற்றினார்கள். பிறகு டாங்க்கைத் திறந்தார்கள். அக்கா வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பாடு டெலிவரி பண்ணுகிற அஃபான் மட்டும் தயங்கினான். "அக்கா, நான் எதைத் தொடறது?"

"கம்பியத் தொடு கண்ணு. மேல இருக்கறது அவங்குளுக்கு, கீழ இருக்கறது உனக்கு. மண்ணு ஒண்ணுதான்."

கறுப்புச் சட்டைக்காரர் ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் சாமி கும்பிடறதில்லைங்க."

"கும்பிட வேண்டாங்க. தொட்டாப் போதும்."

அவர் யோசித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு, சுண்டு விரலால் தொட்டார்.

இப்படியே போயிருந்தால் நான் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஒரு பாலிடெக்னிக் பையன் வேலைத் தொட்டுவிட்டுப் போன அன்று அவனுக்கு அரியர் கிளியர் ஆன ரிசல்ட் வந்துவிட்டது. அவன் 'பங்க் முருகன்' என்று ஒரு ரீல் போட்டான். அதற்குப் பிறகு வண்டியே இல்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். வேலுக்கு மாலை விழுந்தது. எலுமிச்சம்பழம் குத்தினார்கள். சந்தனத்தை அப்பினார்கள். சந்தனம் காய்ந்தால் அதுவும் பெயிண்ட் மாதிரிதான். அதனால் அக்கா தினமும் ஷிஃப்ட் ஆரம்பித்ததும் உப்புத்தாளால் வேலைத் தேய்த்து, காலடிக் குழிக்கு ஒரு கை கல் உப்பும் ஒரு குடம் தண்ணியும் ஊற்றுவார். அதைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் அபிஷேகம் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போனார்கள்.

முதலாளிக்கு முதலில் சந்தோஷம்தான். கூட்டம் வந்தால் பெட்ரோலும் போகும். ஆனால் ஒருநாள் வேலுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அக்கா பாய்ந்து போய்ப் பிடுங்கி மணல் வாளியில் குத்தினார். சுப்பண்ணன் ஆபீஸ் ரூமிலிருந்து அதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வந்தார்.

"அம்மணி, நெருப்பு வரக்கூடாதுன்னு வெச்சது இது. இப்ப இதே நெருப்பக் கூட்டிட்டு வருது."

"நான் பாத்துக்கறேனுங்."

"திங்கக்கெழம கம்பெனி ஆபீசர் வாராரு. இங்க ஒரு தீக்குச்சி கிழிச்சத அவரு பாத்தாருன்னா லைசென்சுக்கே ஆப்பு. அப்பறம் வேலையும் கழட்டிப்போடுவேன், உன்னையும் அனுப்பிப்போடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

அக்கா 'சாமிக்குத் தீபம் ஆகாது' என்று ஒரு அட்டையில் என்னை எழுதச் சொல்லிக் கம்பத்தில் கட்டினார். அதன் மேல் ஒருத்தர் மாலை போட்டுவிட்டார். அட்டை தெரியவில்லை.

திங்கட்கிழமை. பங்குனி வெயில். டேங்கர் லாரி வந்து நிலத்தடித் தொட்டிக்கு லோடு இறக்கிக்கொண்டிருந்தது. லோடு இறங்கும்போதுதான் பங்க்கில் எல்லோரும் மூச்சை அடக்கி வேலை செய்கிற நேரம். அக்கா கூம்புகளை வைத்து வழியை மறிக்கப் போயிருந்தார். அப்போது எக்சிட் பக்கமாகத் தப்பான வழியில் ஒரு புத்தம் புதுக் கார் நுழைந்தது. முன்னால் ரோஜா மாலை. பின்னால் ரிப்பன். உள்ளேயிருந்து பட்டு வேட்டியோடு இறங்கியவர் தனபால். அவர் சம்சாரம் தட்டோடு இறங்கினார். தட்டில் எலுமிச்சம்பழம், தேங்காய், ஒரு திருஷ்டிப் பூசணி. பூசணி உச்சியைக் குழித்து அதில் கற்பூரக் கட்டிகளைக் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள்.

"எங்க மாசாணியக்கா?" என்றார் தனபால். "உசிரக் காப்பாத்துன எடமுங்க இது. மொதப் பூஜை இங்கதான்னு வேண்டிட்டேன்."

"அண்ணா, டேங்கர் நிக்குது, வேண்டாங்க" என்றேன்.

"அரை நிமிசம் தம்பி. சுத்தி ஒடச்சுட்டுப் போயிருவோம்."

பூசணியை வேலுக்கு முன்னால் வைத்துவிட்டு மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அதே நேரம் இந்தப் பக்கம் ஆபீசரின் ஜீப் உள்ளே திரும்பியது. ஆபீஸ் ரூம் கதவில் சுப்பண்ணன் வந்து நின்றார். தனபால் ஒரு குச்சியை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார்.

"யார்றா அது."

திரும்பிப் பார்த்தோம். மாசாணியக்கா. யூனிஃபார்ம் தொப்பியைக் காணோம். கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் முடி. வெயிலில் வேர்த்து, இடது புருவம் கரைந்து கறுப்பாகக் கன்னம் வழியாகத் தாடை வரைக்கும் வழிந்திருந்தது. ரெண்டு மாசமாக அவரைக் கிண்டல் பண்ணியவன் நான். எனக்கே ரெண்டு அடி பின்னால் போகத் தோன்றியது.

"என்ற எடத்துல நெருப்பு ஆருடா கொண்டாந்தது?"

தனபால் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "கற்பூரமுங்க சாமி."

"எனக்கு ஒடம்பே எரியுது. எரியறவளுக்கு எரியறதையே குடுப்பியா?"

"ஏனுங்க, முருகன் எதுக்குங்க பொம்பளையாட்டப் பேசறாரு?" என்று தனபாலின் சம்சாரம் அவர் காதில் கேட்டார்.

"சும்மா இரு. அம்மன் வந்திருக்குதாட்ட இருக்குது."

"தீப்பெட்டியத் தண்ணியில போடு."

தனபால் கார் கண்ணாடி துடைக்க வைத்திருந்த வாளியில் போட்டார்.

"எனக்கு வேண்டியது குளுமை. உப்புக் கொண்டா. தண்ணி கொண்டா. என்ற காலடியில ஊத்து."

உப்புப் பையும் குடமும் அக்கா வைத்த இடத்திலேயே இருந்தன. தனபாலும் சம்சாரமும் குழியில் ஊற்ற ஆரம்பித்தார்கள். அக்கா நிற்கவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார்.

"என்ற வாசல்ல குல்லாய் கழட்டாத. சட்ட கழட்டாத."

"கழட்டலைங்க சாமி."

"வண்டியில உக்காந்துட்டே பெட்ரோல் போடாத. என்னத் தொட்டுட்டு டாங்க்கத் தொடு."

"சரிங்க."

"கேன்ல வாங்குனாத் தரையில வெச்சு வாங்கு. டிக்கிக்குள்ள வெச்சு வாங்காத. தண்ணி பாட்டில்ல கேட்டு என்ற புள்ளைகளத் தொந்தரவு பண்ணாத."

சுவரில் மங்கிப்போய்க் கிடந்த பாதுகாப்பு விதி போர்டில் என்ன வரிசையோ அதே வரிசை. கடைசி விதி டேங்கருக்கானது. அக்கா அந்தப் பக்கம் திரும்பி, "கிளிப்பு மாட்டிருக்குதாடா?" என்றார். லாரி டிரைவர் பட்டென்று இறங்கி ஓடி, லாரியை மண்ணோடு சேர்க்கிற எர்த் கிளிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்குதுங்க தாயி" என்று கும்பிட்டார்.

அக்கா ஒரு ஆட்டம் ஆடி, கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணி கொண்டுபோனேன். குடித்துவிட்டு முடியைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி, "தனபாலுண்ணா, காரு நல்லா இருக்குதுங்க. பூசணிய ஊட்டுக்குப் போய் ஒடைங்க" என்றார். அவர்களும் போனார்கள். போகும்போது தனபால் கார் கதவைத் திறக்கும் முன்னால் திரும்பி வந்து வேலைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆபீசர் ஜீப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பெயர் சென்னகேசவன். சேலத்திலிருந்து வருகிறவர். டெரிகாட்டன் பேன்ட், ரெக்சின் சீட். வழுக்கிக்கொண்டு இறங்கி நேராக வந்தார்.

"யாருங்க இந்தம்மா?"

"நம்ம ஸ்டாஃப்தானுங்க சார்" என்றார் சுப்பண்ணன். அவர் நெற்றியில் வேர்வை. "இன்னிக்கோட..."

ஆபீசர் அதைக் கேட்காமல், இது என்ன கம்பம் என்று வேலுக்குக் கையை நீட்டினார். டிக். கையை வெடுக்கென்று இழுத்து விரலைப் பார்த்தார். அவரோடு வந்தவர் பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்து, ரெண்டு கம்பிகளை மண்ணில் குத்திக் குழியைச் சோதித்தார். முள்ளைப் பார்த்தார்கள். திரும்பவும் குத்திப் பார்த்தார்கள்.

"பங்குனியில இப்படி ஈரமான குழிய நான் பாத்ததே இல்ல" என்றார் ஆபீசர். "எல்லா பங்க்லயும் சொல்லிட்டுதான் வர்றோம். ஒருத்தரும் தண்ணி ஊத்தறதில்ல." சுப்பண்ணனைப் பார்த்தார். "மாலை கூடாது. எலுமிச்சம்பழம் கூடாது. அட்டைக்குப் பதிலா ஒரு நல்ல போர்டு வைங்க, மின்னல் இல்லாம. கம்பி இருக்கட்டும். ஆனா வேல்னு எழுத முடியாது. கூர் முனை உள்ள தொடுகம்பின்னு எழுதிக்கறேன்."

"அந்தம்மா?" என்றார் சுப்பண்ணன்.

"அந்தம்மா இல்லைன்னா யாரு தண்ணி ஊத்தறது?"

சுப்பண்ணன் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற விதம்.

ஜீப் ஏறும் முன்னால் ஆபீசர் ஏதோ மறந்ததுபோல் திரும்பி வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு வேலைத் தொட்டார். இந்தத் தடவை கண்ணிலும் ஒற்றினார்.

"ஏம்மா, கோயம்புத்தூருக்கு டிரான்ஸ்பர் கேட்டு மூணு வருசமாச்சு. கிடைக்குமா?"

அக்கா நாசிலைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே சொன்னார். "உப்புப் போட்டுட்டுப் போங்க சார்."

அவர் போட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "அக்கா, நெசமாலுமே அருள் வந்துச்சுங்களா?"

அக்கா தயிர் சாதத்தைப் பிசைந்தார். "தீக்குச்சியப் பாத்தேன். இனியா படிப்பு பாதியில நின்னுபோகுமேன்னு நெனச்சேன். அப்பறம் என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியல கண்ணு." பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் மை. "நாசமாப் போக. இத்தன நேரம் இப்படியேவா நின்னேன்? ஆபீசர் முன்னாடியுமா? சொல்லமாட்டியாடா?"

"அதப் பாத்துத்தானுங்க தனபாலண்ணன் தீப்பெட்டியப் போட்டாரு. நான் எதுக்குச் சொல்றேன்?"

மறுநாள் காலையில் அவருடைய லாக்கரில் ஒரு புதுப் புருவப் பென்சில் கிடந்தது. அட்டையில் தண்ணி பட்டாலும் கரையாது என்று எழுதியிருந்தது. யார் வைத்தது என்று எல்லோரிடமும் கேட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்.

"எனக்கெப்படீங்க தெரியும்?" என்றேன். "பங்க் முருகன் வெச்சிருப்பாரு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆபீஸ் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, முதல் தடவையாக நிதானமாகப் பார்த்து வரைந்துகொண்டு வந்தார்.

அப்போதும் கோணல்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும், அந்தப் பென்சில் லேசில் அழியாது.